பீன்யாவில் கடற்காற்று

ஓய்வு பெற்றவர்களை எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரும் நீக்குவதில்லை. மரியாதையோ மறதியோ, எனக்கு லாபம். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. இயந்திரங்களைச் சோதிக்கும் கூடமான டெஸ்ட் பேயில் மஞ்சள் உறை போட்ட புது டேப்லெட், தீப்பொறி வராத ரகமாம், அதைச் சுற்றி நாலைந்து பேர் பல் தெரிய நிற்கிறார்கள். கீழே ஒருத்தி கேட்டிருந்தாள்: “வசந்தா மேடம், இதெல்லாம் இல்லாம நீங்க பவர் எல்லாம் கையிலேயே போட்டீங்களாமே? நிஜமா, இல்ல பில்டப்பா?”

பில்டப்பா! மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறி, இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டிப் போய்விட்டேன். எதிர்ப்பக்கம் வண்டி ஏறித் திரும்பும்போது, இதை எழுதிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது.

எங்கள் வேலை கம்ப்ரசர். காற்றை உறிஞ்சி, நெருக்கி, வெளியே தள்ளும் இயந்திரம். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். எத்தனை மடங்கு நெருக்குகிறோமோ, அந்த மடங்குக்கு 0.286 என்று ஒரு பவர், அதாவது அடுக்கு, போட்டு, உள்ளே போன காற்றின் வெப்பநிலையோடு பெருக்கினால், வெளியே வரும் காற்று எவ்வளவு சுடும் என்று தெரிந்துவிடும். உரசலில் கூடுகிற சூட்டை இயந்திரத்தைச் சுற்றிய ஜாக்கெட்டில் ஓடும் தண்ணீர் ஏறக்குறைய தின்றுவிடும். அதனால் எங்கள் இயந்திரங்களில் கணக்கும் நிஜமும் ஒட்டியே வரும்.

அதைப் போட கால்குலேட்டர் எதற்குக் கூடாது என்றால், எங்கள் டெஸ்ட் பேயும் பெயின்ட் ஷாப்பும் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். தின்னர் வாசம் எந்நேரமும் இருக்கும். பேட்டரி போட்ட எந்தப் பொருளும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். செல்போன், கால்குலேட்டர், கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் இருக்கும் மர அடுக்கில் தூங்கும். “வெளிய போய் தட்டிட்டு வந்துடறேன் சார்” என்று யாராவது கேட்டால் பெனடிக்ட் சார் மறுக்கவே மாட்டார். “தாராளமா போ. நீ வர்றதுக்குள்ள வால்வு போயிடும், பரவால்ல” என்பார்.

பெனடிக்ட் சார்தான் டெஸ்ட் பே இன்-சார்ஜ். கன்டோன்மென்ட்டில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும் பேச்சு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் சொட்டும் இயந்திரத்தில் காது வைத்துக் கேட்பார். சட்டையில் மட்டும் கறை படாது. எப்படி என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை. ‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கணக்கு பிசகினால், “இன்னொந்து சல” என்பார். கன்னடத்தில் இன்னொரு தடவை என்று அர்த்தம். அவ்வளவுதான், முகத்தில் ஒரு கோடுகூட மாறாது. அதற்குத் திட்டே வாங்கிவிடலாம் என்றிருக்கும்.

என் படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூரில் டிப்ளமா, ஓசூரில் அப்ரண்டிஸ், கல்யாணம், பெங்களூரு. முடிந்தது. நேர்முகத் தேர்வுக்குப் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்தபோது பெனடிக்ட் சார் என் சான்றிதழ்களைத் திறக்கவேயில்லை. வாசலில் நின்றபடியே ஒரு சாக்பீஸை நீட்டினார்.

“டூ பவர் ரூட் டூ. எவ்வளவு மா?”

ஒரு கணம் கால் தரையில் இல்லை. இரண்டை இரண்டு தடவை பெருக்கலாம், மூன்று தடவை பெருக்கலாம். ரூட் இரண்டு தடவை, அதாவது 1.414 தடவை என்று முடிவே இல்லாமல் போகும் எண்ணளவு தடவை, எப்படிப் பெருக்குவது? ஆனால் பயத்தோடு கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. இது வேலைக்கான கேள்வி இல்லை, விளையாட்டு! அக்கம்பக்கம் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாமே. இரண்டின் ஒன்றரை பவர் எனக்குத் தெரியும்: 2.828. எனக்கு வேண்டியது அதைவிடச் சற்றுக் குறைவான பவர், 0.086 குறைவு. இரண்டுக்குப் பவரில் 0.1 குறைந்தால் மதிப்பில் ஏழு சதவீதம் போகும். 0.086க்கு ஆறு சதவீதம் போகட்டும். 2.828இல் ஆறு சதவீதம் 0.17. கழித்தேன்.

“ரெண்டு புள்ளி ஆறு ஆறு சார்.”

“காபி குடிப்பியா மா?” என்றார். அதுதான் வேலை உத்தரவு.

உள்ளே போனதும் சுவரைக் காட்டினார். பெயின்ட் ஷாப் பக்கத்துச் சுவர் முழுக்கக் கறுப்பு வண்ணம் அடித்து, அதில் சாக்பீஸ் எண்கள். எங்கள் டெஸ்ட் பேயின் ஒரே மதம் அதுதான். எந்த இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னும், அது எத்தனை டிகிரி காட்டும் என்று கணக்குப் போட்டு, சுவரில் பெரிதாக எழுதி, கீழே பெயரும் எழுத வேண்டும். அப்புறம்தான் பச்சைப் பொத்தான். ஓடும்போது டயல் காட்டுவதும் சுவரில் இருப்பதும் மூன்று டிகிரிக்கு மேல் விலகினால் உடனே நிறுத்திவிட வேண்டும். யார் மேல் குற்றம் என்று அப்புறம் பேசலாம். “முதல்ல சொவரு, அப்புறம் சுவிட்சு” என்பார் பெனடிக்ட் சார். ஓடின பிறகு சொன்னால் எல்லாரும் மேதை, ஓடுவதற்கு முன்னால் சொல்பவன்தான் டெஸ்டர் என்பது அவர் கட்சி.

முதல் வாரத்தில் என் எண்ணைப் பார்த்து பே முழுக்கச் சிரித்தது. வெப்பநிலையோடு 273 கூட்டிக்கொண்டுதான் பெருக்க வேண்டும். 27 டிகிரி என்றால் 300, அதனால் 27 எங்களுக்குச் செல்ல எண். நான் அவசரத்தில் அதை விட்டுவிட்டு, 27ஐ அப்படியே பெருக்கி 39 என்று எழுதிவைத்தேன். பெனடிக்ட் சார் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முப்பத்தொம்போதா? அது ஜுரம் மா, கம்ப்ரசர் இல்ல. இன்னொந்து சல.”

0.286 பவருக்கு நாங்கள் வைத்திருந்த முறை மிக எளிது. சில எண்களை நண்பர்களாக்கிக்கொண்டோம். இரண்டுக்கு 1.22. மூன்றுக்கு 1.37. நான்குக்கு 1.486. வருகிற எண் எதுவானாலும் பக்கத்து நண்பர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து எத்தனை சதவீதம் தள்ளி என்று பார்த்து, அந்தச் சதவீதத்தில் ஏழில் இரண்டு பங்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 0.286 என்பது ஏறக்குறைய ஏழில் இரண்டுதானே. அவ்வளவுதான் மந்திரம். இது கைக்கு வந்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் நம்பருக்கெல்லாம் பவர் போட்டேன். குக்கர் விசிலடிக்கும்போது போட்டேன். என் வீட்டுக்காரர் ஒருநாள், “உனக்குப் பேய் பிடிச்சிருந்தா வேப்பிலை வாங்கலாம், இதுக்கு என்ன வாங்கறது?” என்றார். சாக்பீஸ் வாங்குங்கள் என்றேன்.

இப்படியே வருடங்கள் போய், பெனடிக்ட் சார் ஓய்வு பெற இன்னும் சில வாரம் என்கிற நிலை வந்தது. அடுத்த இன்-சார்ஜ் யார்? எனக்கு அந்தப் பதவி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தூக்கத்தில்கூட வேண்டும். மேனேஜர் ராவ் சாருக்கோ தயக்கம். “கணக்கெல்லாம் ஓகே. ஆனா வசந்தாவுக்குக் கஸ்டமர் கிட்ட மெத்தகே பேச வராது. எல்லாத்தையும் பட்டுனு சொல்லிடறாங்க” என்று பெனடிக்ட் சாரிடமே சொல்லியிருக்கிறார். மெத்தகே என்றால் மென்மையாக. அதனால் வரப்போகிற ஒரு சோதனையை நான் தனியாக நடத்த வேண்டும், அதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஆலை ஒன்று வாங்குகிறது. ஒப்பந்தம் இப்படி: 27 டிகிரிக் காற்றை உறிஞ்சி, கேஜில் இரண்டரை பார் அழுத்தம் காட்டும்போது, வெளியே வரும் காற்று 160 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் டெஃப்லான் வளையங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். சோதனையை நேரில் பார்க்க ஆலையிலிருந்து இன்ஸ்பெக்டர் சுடலைமணி வந்தார். முப்பது வருடம் கம்ப்ரசர்களோடு குடித்தனம் நடத்தியவர். கூர்மையான ஆள் என்பது அவர் டயலைச் சுண்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

சாக்பீஸை எடுத்தேன். கேஜ் எப்போதும் வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். வெளிக்காற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் அது ஒரு பாருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் பெங்களூரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது, இங்கே காற்று மெலிந்தது, 0.91தான். இரண்டரையோடு கூட்டினால் 3.41. அதை 0.91ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மடங்கு. பக்கத்து நண்பர் நான்கு. அவரைவிட ஆறே கால் சதவீதம் குறைவு, அதில் ஏழில் இரண்டு என்றால் 1.8 சதவீதம். 1.486இல் அதைக் கழித்தால் 1.46. முந்நூறோடு பெருக்கி, 273ஐக் கழித்தால்...

என் கை நின்றது. 165.

ஒப்பந்தத்தில் 160. இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, கஸ்டமர் கண் முன்னால், ‘இது தேறாது’ என்று நானே எழுத வேண்டும். ராவ் சார் என் காதருகே வந்தார். “வசந்தா, இவத்து ஒந்து தின சாக்பீஸ் பேடா.” இன்று ஒரு நாள் வேண்டாமே என்கிறார். பெனடிக்ட் சாரைப் பார்த்தேன். அவர் ஏதோ குழாயைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் பதவி அங்கேயே கைநழுவுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் எழுதாமல் பொத்தானை அழுத்த என் விரல் வரவில்லை. 165, கீழே வசந்தா.

“என்னம்மா இது?” என்றார் சுடலைமணி. “ஓட்டுறதுக்கு முன்னாடியே தோத்துட்டோம்னு எழுதுதிய?”

“ஓடினாலும் அதான் சார் காட்டும்.”

மஞ்சுநாத் பச்சைப் பொத்தானை அழுத்தினார். அவர்தான் எங்கள் மூத்த ஆபரேட்டர். டயல் ஏறி ஏறி, 165இல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ராவ் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மஞ்சுநாத் மட்டும் இடம் பொருள் ஏவல் பார்க்காமல், “கரெக்ட் மேடம்!” என்று கை தட்டினார்.

நான் சுவரில் மளமளவென்று அடுத்த கணக்கைப் போட்டேன். கடற்கரைக் காற்றில் இதே இரண்டரை பார் என்பது மூன்றே முக்கால் மடங்கு இல்லை, 3.47 மடங்குதான். ஏழரை சதவீதம் குறைவு, ஏழில் இரண்டு என்றால் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 1.46 குறைந்து 1.428 ஆகும். அங்கே 155 டிகிரிதான் வரும்!

சுடலைமணி நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். “கணக்கு சரிதாம்மா. எனக்கும் ஒத்துக்கிட மனசு இருக்கு. ஆனா சுவத்துக்கா நான் சர்டிபிகேட் குடுக்க முடியும்? ஓடிக் காட்டணும்லா? கடலு எங்க ஊர்ல கெடக்கு, மெஷினு இங்க நிக்கி.”

“அய்யோ, ஏன் மகா விஷயா?” என்றார் மஞ்சுநாத், இதென்ன பெரிய விஷயம் என்பது போல. “சமுத்ரத்த இங்கயே கொண்டாந்துடலாம் மேடம்!”

எல்லாரும் சிரித்தோம். பிறகு நானும் மஞ்சுநாத்தும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த மேடையில் நின்ற ப்ளோயரைப் பார்த்தோம். காற்றை லேசாக மட்டும் தள்ளுகிற இயந்திரம், அதுவும் சோதனைக்கு வந்ததுதான். அதைக் கம்ப்ரசரின் வாயில் மாட்டிவிட்டால்? குறைகிற பத்தில் ஒரு பார் அழுத்தத்தை அது ஊட்டிவிட்டால், கம்ப்ரசர் தான் தூத்துக்குடியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுமே!

அதற்குப் பிறகு டெஸ்ட் பேயில் நடந்தது திருவிழா. ராவ் சாரே கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஹோஸ் பைப்பைத் தூக்கினார். கண்ணாடிக் குழாயை U வடிவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். ப்ளோயர் தள்ளும்போது தண்ணீர் ஒரு மீட்டர் ஏறி நின்றால் நாம் கடலோரம் வந்துவிட்டோம் என்று கணக்கு. வெளிக்காற்று இன்னும் பெங்களூருடையதுதான் என்பதால் கேஜையும் இரண்டரைக்குப் பதில் 2.6இல் நிறுத்த வேண்டும். சுடலைமணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளாம்ப் இறுக்கினார். குழாயில் தண்ணீர் குடுகுடுவென்று ஏறியபோது, “திருச்செந்தூர் வந்துட்டு!” என்று கத்தினார். மஞ்சுநாத்தின் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போய்விட்டது.

“சொவரு?” என்றார் பெனடிக்ட் சார்.

அட ஆமாம். 155 ஏற்கெனவே எழுதியிருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும் என்று போனவள், வட்டம் பாதி போகும்போதே நின்றேன். ப்ளோயரும் காற்றை நெருக்குகிறதே! நெருக்கினால் சுடுமே! 0.91இலிருந்து கடற்கரை அழுத்தத்துக்கு வர பதினோரு சதவீதம், அதில் ஏழில் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல். முந்நூறில் அது ஒன்பது டிகிரிக்குக் குறையாது. உள்ளே போவது 27 இல்லை, 36. வெளியே வருவது 168! கடலைக் கூப்பிட்ட சந்தோஷத்தில், வெயிலும் கூடவே வரும் என்பதை அத்தனை பேரும் மறந்துவிட்டோம். ஓட்டியிருந்தால் முன்பைவிட மோசமான எண்ணைக் காட்டி, நாங்களே எங்கள் இயந்திரத்தைக் கொன்றிருப்போம்.

“பேஜார் ஆவாத மா” என்றார் பெனடிக்ட் சார். “சூடா இருந்தா ஆற வை.”

ஸ்டோரிலிருந்து, குழாயில் ஓடும் காற்றை ஆற்றுகிற ஒரு கூலரைத் தூக்கிவந்து நடுவில் மாட்டினோம். அது போதாமல், குழாய் நெடுகக் கோணிப்பையைச் சுற்றி, மஞ்சுநாத் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார். குழாயும் நனைந்தது, ராவ் சாரும் நனைந்தார். உள்ளே போகும் காற்று 27க்கு இறங்கியதும் வட்டத்தை முழுதாகப் போட்டேன். பச்சைப் பொத்தான். 140. 150. 154. டயல் 156இல் நின்றது, நின்றேவிட்டது. நான் குதித்தேன். அந்த வயதில், சேஃப்டி ஷூவோடு.

சுடலைமணி சிரித்தபடியே சான்றிதழை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தவர், மறுபடி மூடினார்.

“எல்லாம் சரி. 27 டிகிரின்னு எவனோ ஏசி ரூம்ல இருந்து எழுதியிருக்கான். எங்க ஊர்ல மே மாசம் நாப்பது அடிக்கும். அப்ப எவ்வளவும்மா காட்டும்?”

ராவ் சார் குறுக்கே வந்தார். “சார், அது கான்ட்ராக்ட்ல இல்ல...”

“தெரியும். நான் அவுகளக் கேக்கேன்.”

ஒப்பந்தப்படி தேறியாகிவிட்டது. ‘பார்த்துச் சொல்கிறேன் சார்’ என்று மெத்தகே சொன்னால் போதும், எல்லாம் சுபம். அப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன மனசு அதற்குள் பெருக்கி முடித்துவிட்டது. எழுதினேன்: 174.

 சுடலைமணி பேனாவால் அந்த எண்ணைத் தட்டிக் காட்டினார்.

“அப்ப மே மாசம் என்ன அழுத்தத்துல ஓட்டுனா நூத்தி அறுவதுக்குள்ள நிக்கும்?”

இந்தக் கேள்விக்கு நண்பர் மூன்றே நேரில் வந்து நின்றார். கேஜில் இரண்டு, கடற்கரை வெளிக்காற்று ஒன்று, ஆக மூன்று மடங்கு, அதற்கு 1.37. நாற்பது டிகிரி என்றால் 313. பெருக்கிக் கழித்தால் 156, அதையும் சுவரில் எழுதினேன். “ரெண்டு பார்ல நிறுத்திக்குங்க சார். மே மாசம் மட்டும்.”

“எங்களுக்கு ரெண்டே எதேஷ்டம். ரெண்டரை கேட்டது ஆபீசுல உள்ளவன்” என்றார் சுடலைமணி. சான்றிதழின் குறிப்புப் பகுதியில் அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டார். “வித்த பெறவு போன எடுக்க மாட்டானுவ சில பேரு. நீங்க விக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டிய.” பிறகு தாளை எங்கள் பக்கம் நீட்டினார். “டெஸ்ட் இன்-சார்ஜ் யாரு? இங்க ஒரு கையெழுத்து.”

பெனடிக்ட் சார் தன் பேனாவை எடுத்தார். எடுத்து, ராவ் சாரைப் பார்த்தபடி கையிலேயே வைத்துக்கொண்டார். ராவ் சார் நனைந்த சட்டையோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே 165, 155, 174, 156, எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர்.

“அவங்களே போடட்டும்” என்றார் ராவ் சார்.

பேனா என் கைக்கு வந்தது. சாக்பீஸ் தூளும் தண்ணீரும் சேர்ந்து விரலெல்லாம் வெள்ளைச் சேறு. பெயர் எழுதினேன். அதன் கீழே பதவி எழுதும் கட்டம். அங்கே வந்ததும் எனக்குக் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை.

“யாக்கே, ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் ராவ் சார். “இன்-சார்ஜ்னு எழுதுங்க.”

எழுதினேன். எழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடி, சுடலைமணியின் கையெழுத்து மேலேயே ஏறிவிட்டது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் தாயி, எடம் பத்தல” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.